அண்ணன் குடித்த சிரட்டை

புதுக்கடை ஊரில், கொப்பரை சேர்த்துவைக்கும் ஒரு கிட்டங்கியில் என் அண்ணனுக்கு வேலை. மழைக்காலத்தில் கொப்பரையில் பூஞ்சணம் பூத்துவிடும். அதைச் சாக்கால் துடைத்துப் புதுச்சரக்குபோல ஆக்க வேண்டும். துடைக்கும்போது பச்சைத் தூள் புகையாகப் பறக்கும். ஒரு வருஷம் அவன் இருமலில் ரத்தம் வந்தது. க்ஷயரோகம் என்று நாங்களே முடிவுகட்டி, தண்ணீர் குடிக்க அவனுக்குத் தனியாக ஒரு தேங்காய்ச் சிரட்டை கொடுத்தோம். கொடுத்தவன் நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் அதைக் கையோடு எடுத்துவரச் சொன்னேன்.

டாக்டர் மூன்று நாள் சளியை வாங்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். க்ஷயக் கிருமி இல்லை. நூல்நூலாக வேறேதோ இருந்ததாம். "உமக்கு என்ன சோலியாக்கும்?" என்று அண்ணனைக் கேட்டார். அவன் சொன்னதும், "அந்தப் பூஞ்சணந்தான் நெஞ்சுக்குள்ள கெடக்கு. தூள் வழியா வந்தது. ஒரு ஆளுட்ட இருந்து இன்னொரு ஆளுக்குப் பிடிக்காது" என்றார்.

நான் நம்பாமல் தள்ளியே நின்றேன். டாக்டர் அண்ணனின் சிரட்டையில் தண்ணீர் மொண்டு, பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார். அப்படியொரு மனுஷரை அதன்பின் நான் பார்க்கவில்லை. வாங்கிக் குடித்தேன். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.