குச்சி எனக்கு வந்தது

வெயிலுக்கு நேராகப் பிடித்தால் திரை வெறும் சாம்பல். கொஞ்சம் சாய்த்து, மறு கையால் நிழல் கொடுத்தால்தான் கறுப்புக் கட்டங்கள் மேலிருந்து இறங்குவது தெரியும். ரப்பர் பொத்தான்களை அழுத்தி அழுத்தி என் வலது கட்டைவிரல் அந்த வருடம் முழுக்க மரத்தே கிடந்தது. தொண்ணூறுகளின் நடுவில், ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்த நானும், பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் பள்ளிக்கு வந்துபோன என் வகுப்புத் தோழி பர்வீனும் எங்கள் பொங்கல் காசையும் ரம்ஜான் காசையும் சேர்த்து வாங்கிய "பிரிக் கேம்" அது. ஒரு வாரம் அவள் வீடு, மறு வாரம் என் வீடு என்று ஒன்பதாம் வகுப்பு முழுவதும் புத்தகப் பைகளுக்குள் போய்வந்துகொண்டிருந்தது.

ஆடாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். விதவிதமான வடிவங்களில் கட்டிகள் விழும். அவற்றைத் திருப்பி, நகர்த்தி, சந்து விடாமல் அடுக்கினால் நிரம்பிய வரி மறைந்துவிடும். அடுக்கு உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. கட்டிகளுக்கு நாங்கள் வைத்த பெயர்கள்: சதுரம் "பொட்டி", ஒரு முனை மடங்கியது "தடி", நெளிந்தது "கோணல்", நேராக நீண்டது "குச்சி". ஒரு வரி மறைந்தால் நூறு, நாலு வரி ஒரே அடியில் மறைந்தால் ஆயிரத்து ஐந்நூறு. அதைச் செய்யக்கூடியது நீளமான குச்சி ஒன்றுதான். அதற்காக ஓரத்தில் ஆழமாகப் பள்ளம் விட்டுக் காத்திருக்க வேண்டும். குச்சி எப்போது விழும் என்பது அந்த மெஷினுக்கே வெளிச்சம்.

பர்வீன் என்னைவிட நன்றாக ஆடுவாள். இதை அப்போது எவர் முன்னாலும் நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். வேண்டாத கட்டி வந்தால் நான் பல்லைக் கடிப்பேன். அவளோ, "கோணல் வந்தா இன்னா, அதுக்கும் ஒரு எடம் கீது" என்று அதை எங்காவது பொருத்திவிட்டு அடுத்ததைப் பார்ப்பாள்.

முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் அவள் ஒரு செய்தியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அத்தா பூந்தமல்லி வளையல் கடையை மூடிவிட்டு வேலூரில் தன் அண்ணன் கடையோடு சேரப்போகிறாராம். அந்த வாரக் கடைசியிலேயே குடும்பம் கிளம்புகிறதாம். சொல்லி முடித்ததும் அவளே பையிலிருந்து கேமை எடுத்து எங்கள் நடுவில் வைத்தாள்.

"ஒண்ணுதான் கீது, ஒடச்சி ஆளுக்குப் பாதி எடுத்துக்க முடியாது. ஆளுக்கொரு ஆட்டம் ஆடலாம். கெலிக்கிறவங்க வச்சிக்கலாம்" என்றாள்.

பர்வீன் முதலில் ஆடினாள். திருநெல்வேலியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த என் அம்மா பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சுத்தமான அடுக்கை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வலது ஓரத்தில் மட்டும் ஒரு பள்ளம், மற்றபடி சுவர் மாதிரி. குச்சி வரவில்லை. பொட்டி வந்தது, தடி வந்தது, மறுபடி பொட்டி. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன், இருபதைத் தாண்டியும் குச்சி இல்லை. அவள் காத்திருப்பதை விட்டுவிட்டு, இரண்டு தடிகளால் பள்ளத்தை அடைத்து ஒவ்வொரு வரியாக இறக்கப் பார்த்தாள். அப்போது வரிசையாக நாலு கோணல்கள். அடுக்கு உச்சியைத் தொட்டுவிட்டது. ஏழாயிரத்துச் சொச்சம்.

பிறகு நான். பதற்றத்தில் ஆரம்பத்திலேயே சந்துகள் விட்டேன், ஒரு தடியைத் திருப்ப மறந்து குறுக்கே போட்டேன். ஆனால் பள்ளம் விட்ட போதெல்லாம் குச்சி வந்தது. ஒரு முறை அடுத்தடுத்து இரண்டு. என் ஆட்டம் ஒன்பதாயிரத்தைத் தாண்டி முடிந்தபோது பர்வீன்தான் முதலில் கை தட்டினாள்.

அம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்காமல், "செயிச்சது நீதான். நல்லா வெளையாடினது அந்தப் பிள்ளைல்லா" என்றாள்.

எனக்கு முகம் சுட்டது. இன்னொரு தரம் ஆடலாம் என்று கேமைப் பர்வீனிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"குச்சி எனக்கு வந்திருந்தா நானு இன்னொரு ஆட்டம் ஆடச் சொல்லியிருக்க மாட்டேன்டி. வச்சிக்கோ" என்றாள். அதில் கோபமோ பெருந்தன்மையோ இல்லை, உள்ளதைச் சொன்னாள். பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். ஜன்னலோர சீட் கிடைத்த சந்தோஷத்தோடு கையாட்டிக்கொண்டே போனாள். வேலூரிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன, அப்புறம் வரவில்லை.

அந்தக் கோடை முழுக்க ஆடினேன். ஒரு குச்சிக்கும் அடுத்த குச்சிக்கும் நடுவே எத்தனை கட்டிகள் விழுகின்றன என்று பழைய நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். சில சமயம் இரண்டு, சில சமயம் நாற்பது; ஒரு ஒழுங்கும் கிடையாது. பள்ளத்தை எப்போது கைவிட்டு அடைக்க வேண்டும் என்பதுதான் மொத்த வித்தையும் என்று விளங்கியது. அதை அந்த மதியமே பர்வீன் சரியாகச் செய்திருந்தாள், தோற்றும்போனாள். நான் சரியாகச் செய்யவில்லை, ஜெயித்தேன். திறமை இருக்கிறவர்களிடம்தான் அதிர்ஷ்டம் ஒட்டும் என்று அப்பா சொல்வார். ஒட்டாது. நூறு ஆட்டம் ஆடினால் திறமை தெரியும். அன்று நாங்கள் ஆடியது ஆளுக்கு ஒன்று.

குவார்ட்டர்ஸை விட்டு முகப்பேருக்கு வந்து பல வருடங்களாகிவிட்டன. அந்தக் கேமும் எந்த வீடு மாறும்போதோ காணாமல் போனது. இன்று என் மகளின் போனில் அதே ஆட்டம் வண்ணம் வண்ணமாக இருக்கிறது. இரண்டு நாள் ஆடியதிலேயே எதுவோ உறுத்தியது: குச்சி தவறாமல் வந்துகொண்டே இருந்தது. மகளிடம் கேட்டேன். இப்போதெல்லாம் எல்லா வடிவங்களையும் குலுக்கிவைத்து, ஒவ்வொன்றும் ஒரு முறை விழுந்த பிறகுதான் மறு சுற்றை ஆரம்பிப்பார்களாம். இல்லாவிட்டால் ஆடுகிறவர்களுக்கு அநியாயமாம். இருபது கட்டிகள் குச்சியில்லாமல் விழுவது இனி நடக்காது.

நல்ல ஏற்பாடுதான். அன்று எங்கள் மெஷினிலும் இப்படி இருந்திருந்தால் அந்தக் கேம் வேலூருக்குப் போயிருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.