கொரட்டூர் ஏரிக்கரையில் எடுத்த படம்

ஊர் திரும்ப ரயிலுக்கு நேரமிருப்பதால் கொரட்டூர் ஏரிக்கரையில் நிற்கிறேன். மார்கழிப் பனியில் அந்தி வெளிச்சம் போதவில்லை. கேமராவை முக்காலியில் பொருத்தி, ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டரைச் சில நொடிகள் திறந்துவைத்துக் காத்திருக்கிறேன். இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார்.

"கொஞ்சம் ஆடாம நில்லுங்க, படம் கலங்குது!" என்று கத்துகிறேன்.

"இன்னா பெருசு, படம் புடிச்சிகினு கீற! எரும சேத்துல மாட்டிகினு கீது. வந்து கயித்தப் புடி நைனா!"

ஓடிப்போய்ப் பிடிக்கிறேன். இருவரும் இழுக்க, எருமை மூச்சிரைத்தபடி கரையேறுகிறது. அதன் மூக்கிலிருந்த சேற்றை வழித்துவிட்டு, "படம் நல்லா வந்துச்சா?" என்கிறார், கேலியே இல்லாமல்.

என்னால் காட்ட முடியவில்லை. தண்ணீருக்கு மேல் தெரிந்த எருமையின் தலையைப் பாறை என்று நினைத்து, அழகாக நடுவில் வைத்து எடுத்திருக்கிறேன்.