கீழ்வீட்டு ரத்தம்

பாணேரில் நாங்கள் இருந்த அடுக்ககத்தில் அம்மாவுக்கு ஒரே ஓர் எதிரி இருந்தார். எங்களுக்கு நேர் கீழ்வீட்டுக்காரர். காரணம், கோயம்புத்தூரிலிருந்து லாரி ஏறி வந்த எங்கள் கிரைண்டர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அம்மா அதை ஓடவிட்டால், ஆறு ஐந்துக்கு அவர் ஒட்டடைக் கழியால் தன் வீட்டு சீலிங்கை இடிப்பார். அம்மா பால்கனியில் நின்று தமிழில் திட்டுவாள். அவர் கீழிருந்து மராத்தியில் பதில் சொல்வார். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. ஆனாலும் ஒரு பதில்கூடக் குறி தப்பியதில்லை.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, தீபாவளி விடுமுறையில், வயிற்றில் சின்ன ஆபரேஷன் என்று அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சின்னது என்றுதான் என்னிடம் சொன்னார்கள். அம்மாவின் ரத்த வகை லேசில் கிடைக்காதது. அப்பாவுடையது சேரவில்லை. அவருடைய ஆபீஸ் நண்பர்களெல்லாம் ஊருக்குப் போயிருந்தார்கள். அப்பா அடுக்ககத்தில் கதவு கதவாகத் தட்டினார். கீழ்வீட்டுக்காரரோ வருடந்தோறும் கணபதி மண்டபத்து ரத்ததான முகாமில் முதல் ஆளாகப் போய்ப் படுப்பவர். வாங்கிய சான்றிதழ்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவர் நிறைய மாட்டியிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், தன்னுடையதும் அதே வகைதான் என்று செருப்பை மாட்டிக்கொண்டு அப்பாவின் ஸ்கூட்டரில் ஏறிவிட்டார். அவர் மனைவி என் கையில் சக்லி என்று அவர்கள் சொல்லும் முறுக்கைக் கொடுத்து, அவருடைய ரத்தத்தைத்தான் அம்மாவுக்கு ஏற்றப்போகிறார்கள் என்றார்.

நான் அதைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். நவராத்திரியின்போதுதான் பள்ளித் தோழி ஓர் அசுரன் கதை சொல்லியிருந்தாள். அவன் ரத்தம் ஒரு சொட்டு கீழே விழுந்தால் அச்சு அசல் அவனைப் போலவே இன்னொருவன் எழுந்து நிற்பானாம். ஒரு சொட்டுக்கு ஒருவன் என்றால் ஒரு பை முழுக்க? அம்மாவுக்குள் எத்தனை கீழ்வீட்டுக்காரர்கள்!

பத்து நாள் கழித்து அம்மா வந்தாள். தினமும் அவள் மேலுதட்டை உற்றுப் பார்த்தேன். மீசை இல்லை. கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா கிரைண்டரில் அரிசியைப் போட்டார். கட்டிலில் இருந்தபடியே அம்மா குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, இப்பப் போடாதீங்க. கீழ அவரு தூங்கட்டும், பாவம்."

அவ்வளவுதான். ரத்தம் வேலையைக் காட்டிவிட்டது.

படியில் தடதடவென்று இறங்கி ஓடினேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்து, "காய் ஜாலா? என்ன ஆச்சு?" என்று தனக்குத் தெரிந்த இரண்டு தமிழ்ச் சொற்களையும் சேர்த்துப் பதறினார். உங்கள் ரத்தத்தை எடுத்துக்கொண்டு எங்கள் அம்மாவைக் கொடுத்துவிடுங்கள் என்று பள்ளிக்கூட இந்தியில் அழுதேன். அவர் சிரிக்கவில்லை. படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று நான்கு மாதத்தில் அந்த ரத்தம் தானே தீர்ந்துவிடும், அப்புறம் ஓடுவதெல்லாம் உன் அம்மாவுடையதுதான் என்று தங்கள் ஊர் வழக்கப்படி தொண்டையைத் தொட்டுச் சத்தியம் செய்தார். நான் காலண்டரில் நான்காவது மாதத்தில் ஒரு வட்டம் போட்டேன்.

அம்மா தேறினாள். வாயும் பழையபடி நீண்டது. அவரிடம் மட்டும் நீளவில்லை. கிரைண்டர் பத்து மணிக்குத்தான் ஓடியது. மாவு பொங்கியதும் முதல் கிண்ணம் கீழே போனது. வட்டம் போட்ட நாள் தாண்டியும் இதே கதை. அவரிடம் போய், உங்கள் ரத்தம் இன்னும் தீரவில்லை என்று முறையிட்டேன். அன்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த நல்ல மனிதரிடம் ஒரு வருடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆபரேஷனின்போது ரத்தம் நிற்கவே இல்லை என்பதையும், எதற்கும் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதையும் நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அப்பா சொன்னார். வந்தது எந்த அம்மா என்று நான் மாதக்கணக்கில் கவலைப்பட்டிருக்கிறேன். அம்மா வராமலே போயிருக்கலாம் என்பது எனக்குத் தெரியாது.