அப்பாவின் இரண்டு சாட்சிகள்

எங்கள் அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறி இன்றோடு ஓராண்டு ஆகிறது. நினைவு ஆராதனைக்கு வந்து இந்தச் சிறு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், சபையாருக்கும், அப்பாவோடு வேலை பார்த்தவர்களுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று தம்பி சொன்னான். நல்லதை மட்டும் எழுதினால் அது அப்பாவாக இருக்காது. அவரால் நாங்கள் பயந்து செத்த நாட்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது கவரைப்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில், அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்த குடும்பத்தில். சின்ன வயதிலேயே மாடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கமே அவர் போனதில்லை. அறுபதுகளில் எங்கள் கூரைக் கோயிலில் மாலைதோறும் உபதேசியார் வேதம் வாசிப்பார். அப்பா வயலிலிருந்து நேராக வந்து, காலில் சேறு காயும் முன்பே முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார். சில நாள் கேட்டாலே ஒரு சங்கீதம் முழுவதும் அவர் வாய்க்கு வந்துவிடும்.

"படிக்காதவனுக்கு ஆண்டவரு காதைக் குடுத்துக்கிறாரு" என்று பெருமையாகச் சொல்வார். ஆண்டவர் பேசுவது உண்மையாகவே காதில் விழும் என்று நம்பியவர் அவர். அம்மாவுக்கு அந்த அளவு நம்பிக்கை கிடையாது. அம்மா எதையும் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவார்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வந்தன. இரும்புத் தகடு அடிக்கும் ஒரு கொட்டகையில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் வந்தது, கூரை வீட்டுக்கு ஓடு வந்தது. காது போனது. முதலில் யாருக்கும் தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை என்று அம்மா சண்டைக்குப் போவார். கோயிலில் எல்லாரும் கீர்த்தனை பாடி முடித்து உட்கார்ந்த பிறகும் அப்பா மட்டும் அடுத்த சரணத்தைப் பாடிக்கொண்டு நிற்பார். பிள்ளைகளுக்குச் சிரிப்பு. எங்களுக்கு முகம் சுண்டிப்போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவர் சாப்பாட்டைத் தொடவில்லை. போதகரை அவர் ஐயரு என்றுதான் சொல்வார்.

"ஐயரு பிரசங்கம் பண்றாரு, வாய் மட்டும் அசையுது. எனுக்குப் படிக்கவும் தெரியாது. காதும் பூட்ச்சுன்னா ஆண்டவரு எங்கிட்ட எப்டி பேசுவாரு?"

அன்றிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் இல்லை.

அந்தச் சமயத்தில் பொன்னேரியில் ஒரு சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. அப்பா மேடையேறி நின்றார். வெளியூரிலிருந்து வந்திருந்த ஊழியக்காரர் அவர் காதுகளில் விரலை வைத்து ஜெபித்துவிட்டு, மைக்கில் "கேக்குதா?" என்றார். ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்தது. அப்பா "கேக்குது" என்றார். கூட்டம் அல்லேலூயா சொன்னது. அடுத்த ஞாயிறு எங்கள் கோயிலிலும் எழுந்து நின்று, காது திறந்துவிட்டது என்று சாட்சி சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டைக் கீழே போட்டுப் பார்த்தார். அப்பா திரும்பவில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வேலைக்குப் போக அப்பா ரயில் பாதையைக் கடந்தாக வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் கேட் கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். காது மந்தமான நாளிலிருந்து அவர் இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கடப்பார். சாட்சி சொன்ன பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார். தலையை நேராக வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துபோவார்.

அம்மா அவர் காதோரம் கத்தினார். கத்தினால் ஒன்றிரண்டு வார்த்தை பிடிபடும். மிச்சத்தை வாயசைவிலும் கையசைவிலும் புரிந்துகொள்வார்.

"பாத்துட்டுப் போனா இன்னாய்யா கொறஞ்சிடும்?"

"திரும்பிப் பாத்தா, கேக்கலன்னு நானே சொல்ற மாதிரி ஆயிடும். சொகம் குடுத்தவர சந்தேகப்பட சொல்றியா?"

அம்மா போதகரிடம் போய் அழுதார். போதகர் நல்லவர், ஆனால் அவருக்கும் பயம். குணமாகவில்லை என்று நாம் சொல்லப்போய் அவர் விசுவாசமே உடைந்துவிட்டால் என்ன செய்வது என்றார். அதன் பிறகு அம்மா தினமும் அப்பாவுக்குப் பின்னாலேயே பாதைவரை போனார். அப்பா திரும்பிவரும் வரை வீட்டில் ரயில் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு நிற்போம்.

ஒரு நாள் காலை கூட்ஸ் வண்டி வந்தது. அம்மா ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததில் இருவரும் ஜல்லியில் விழுந்தார்கள். அம்மாவின் முழங்கை கிழிந்து ரத்தம். அப்பா எழுந்து துண்டை உதறிக்கொண்டு, "எனுக்குக் கேட்டுச்சு. நிக்கலாம்னுதான் இருந்தேன்" என்றார்.

மறுநாள் அம்மா என்னையும் கூட வரச் சொன்னார். பனி விழுந்து பாதை முழுக்க வெளுத்துக் கிடந்தது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போனதும் அம்மா அப்பாவை முந்திக்கொண்டு முன்னால் போய் நின்றார். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் கண்ணையும் காதையும் சேர்த்து இறுக்கக் கட்டிக்கொண்டார்.

"உனுக்குத்தான் கேக்குதே. வண்டி வருதா இல்லியான்னு நீயே கேட்டு சொல்லு. முதுகுல தட்டு, நான் போறேன்."

வார்த்தை எட்டியதோ இல்லையோ, விஷயம் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. கையைத் தூக்கி அம்மாவின் முதுகுவரை கொண்டுபோனார். இழுத்துக்கொண்டார். மறுபடியும் கொண்டுபோனார். கடைசியில் அப்பா கழுத்தைத் திருப்பி வடக்கே பார்த்தார். தெற்கே பார்த்தார். மறுபடியும் வடக்கே பார்த்தார். பிறகு அப்படியே ஜல்லியில் உட்கார்ந்து அழுதார். எழுந்து துண்டை அவிழ்த்துவிட்டவரும் அவர்தான்.

அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் அப்பா எழுந்தார். தன் குரல் தனக்கே கேட்காததால் கோயில் அதிரும்படி பேசினார்.

"எனுக்குக் காது கேக்கல. அன்னிக்குக் கேக்குதுன்னு சொன்னேன். ஏமாத்தணும்னு சொல்லல, கேக்கணும்னு ஆசையில சொல்லிட்டேன். காது வழியாதான் ஆண்டவரு வருவாருன்னு இத்தினி நாளு நெனச்சிக்கினு இருந்தேன். ஊட்டுக்காரி ரெயில் ரோட்டாண்ட கண்ணக் கட்டிக்கினு நின்னா பாரு, அப்ப அவரு பேசனது எனுக்கு நல்லா கேட்டுச்சு."

கோயிலில் யாரும் கை தட்டவில்லை. விசுவாசம் குறைந்துவிட்டது என்று சிலர் பின்னால் பேசியதும் உண்டு, அவர்களில் சிலர் கையிலும் இந்த மலர் இருக்கிறது. போதகர் மட்டும் இறங்கி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதற்குப் பிறகு அப்பா ஒரு நாளும் பார்க்காமல் பாதையைக் கடந்ததில்லை.

கடைசியில் மஞ்சள் காமாலை அவரைப் படுக்கையில் தள்ளியது. வலியை அவர் பெரிதாகச் சொல்லவில்லை. ஒரு கவலை மட்டும் அவரை அரித்தது. ஒரு நாள் மத்தியானம் அம்மாவைப் பக்கத்தில் அழைத்துக் கேட்டார்.

"ஆண்டவரு வர்றப்ப கடைசி எக்காளம் ஊதுவாங்க இல்ல? செத்தவங்க எல்லாரும் கல்லறய உட்டு எழுந்து பூடுவாங்க. எனுக்குக் கேக்காம நான் மட்டும் படுத்துக்கினே இருந்துட்டா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். உள்ளே அம்மா குரல் மட்டும் கேட்டது.

"பக்கத்துலதான நானும் படுத்துக்கினு இருக்கப் போறேன்? எனுக்குக் கேக்கும்யா. ஷிப்டுக்கு எழுப்புற மாதிரி தட்டி எழுப்பி உட்றேன்."

எட்டிப் பார்த்தேன். அம்மா அவர் தோளைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா தலையை ஆட்டினார். அதன் பிறகு அந்தக் கவலையை அவர் பேசவே இல்லை. ஒரு வாரத்துக்குள் போய்விட்டார், ரயில் பாதையில் அல்ல, தன் வீட்டுக் கட்டிலில்.

அந்த இரண்டாம் சாட்சிக்குப் பிறகு தினமும் அப்பாவோடு சேர்ந்து பாதையைக் கடந்த அவருடைய கூட்டாளிகளுக்கும், வைத்தியம் பார்த்தவர்களுக்கும், கல்லறைவரை தோள் கொடுத்தவர்களுக்கும், அடக்க நாளில் எங்கள் வீட்டு அடுப்பு எரியாதபோது சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சபைக் கமிட்டிப் பெரியவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்கு வலப்பக்கம் காலியாக இருக்கும் இடத்தை யாருக்கும் ஒதுக்கிவிடாதீர்கள். உங்களிடம் கேட்க அம்மாவுக்குக் கூச்சம். இடம் போய்விடுமோ என்ற பயத்தில் அடிக்கடி அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். அந்த இடம் அம்மாவுக்கு வேண்டும். அப்பாவை எழுப்ப வேறு ஆள் இல்லை.