முதலில் இனிஷியல்

தொண்ணூறுகளின் நடுவில், தாம்பரத்துக்குச் சற்று முன்னால், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டியிருந்த ஒரு மருத்துவமனையில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பார்த்துக்கொள்வது என்றால், அது மெதுவாக ஓடும்போது திட்டு வாங்குவது. ஒழுங்காக ஓடினால் நான் ஒருத்தி அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது.

காலை எட்டு மணிக்கே பதிவு கவுன்ட்டரில் வரிசை வாசல்வரை வந்துவிடும். ஊரப்பாக்கத்திலிருந்தும் அஸ்தினாபுரத்திலிருந்தும் காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். பாதிப் பேர் பதிவுச் சீட்டைத் தொலைத்திருப்பார்கள். பெயரைக் கேட்டுத்தான் பழைய பதிவைத் தேட வேண்டும். ஒரு பெயரைத் தேட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

"இதுக்குள்ள நான் டீ குடிச்சிட்டே வந்துடுவேன்க்கா" என்பாள் கவுன்ட்டர் பெண். வரிசையில் நிற்பவர்கள் அவளைத் திட்டுவார்கள், அவள் என்னைத் திட்டுவாள், நிர்வாக அதிகாரி எல்லோரையும் திட்டுவார்.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான். இனிஷியலும் பெயரும் ஒரே கட்டத்தில் சேர்ந்து கிடந்தன. அதற்குள் பெயர் எங்கே இருந்தாலும் கண்டுபிடிக்கும்படி தேடலை எழுதி வைத்திருந்தார்கள். அதனால் கம்ப்யூட்டர் முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை ஒவ்வொருவராகப் படித்துப் பார்த்தது. இண்டெக்ஸ் போட்டால், டெலிபோன் டைரக்டரியில் தேடுவது போல, நேராகப் போய் எடுத்துவிடும். ஆனால் முதல் எழுத்து தெரிந்தால்தான் அது நடக்கும். எங்களிடம் முதல் எழுத்து இனிஷியல்.

சரியான வழி, இனிஷியலைத் தனியாகப் பிரித்து வைப்பது. எல்லாப் பதிவுகளையும் மாற்ற வேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. இருந்தபடியே இண்டெக்ஸைப் போட்டேன். முதலில் இனிஷியலை அடித்து, பிறகுதான் பெயரை அடிக்க வேண்டும் என்று கவுன்ட்டரில் எழுதி ஒட்டினேன். விரலை எடுப்பதற்குள் பதிவு திரையில் வந்து நின்றது. நிர்வாக அதிகாரி எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கல்யாணமானால் பெண்ணுக்கு அப்பாவின் எழுத்து போய்ப் புருஷனின் எழுத்து வரும். இதை எனக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? எனக்கே இனிஷியல் மாறி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் என்று ஒவ்வொன்றையும் மாற்ற அலைந்தவள் நான். ஆனாலும் மண்டையில் உறைக்கவில்லை. என்னை நான் இன்றும் மன்னிக்காதது அதற்காகத்தான்.

மூன்றாவது மாதம், புதிதாகக் கல்யாணமான ஒரு பெண்ணைக் கடும் காய்ச்சலில் மாமியார் வீட்டார் தூக்கிவந்தார்கள். அவளுக்கு நினைவில்லை. கவுன்ட்டர் பெண் நான் ஒட்டியிருந்தபடியே புருஷனின் இனிஷியலை அடித்துத் தேடினாள். இல்லை என்று வந்தது. புது ஆளாகப் பதிந்துகொண்டாள். அவள் மேல் தப்பே இல்லை. பென்சிலின் ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டர் கேட்டார், மாமியாருக்குத் தெரியவில்லை. சோதனைக்காகத் தோலில் துளி மருந்துதான் போட்டார்கள். அதுவே அவள் மூச்சை அடைத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் செத்துப்போனாள்.

மறுநாள் அவள் பெயருக்குப் பழைய தேடலை, அந்த மெதுவான தேடலை, ஓட்டிப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. இரண்டு பதிவுகள் வந்தன. ஒரே பெயர், வயதில் இரண்டு வருட வித்தியாசம், வேறு வேறு இனிஷியல். பழையதில், இரண்டு வருடம் முன்பு பார்த்த டாக்டர் எழுதவைத்த ஒரு வரி இருந்தது: பென்சிலின் கொடுக்கக் கூடாது.

நிர்வாக அதிகாரியிடம் காட்டினேன். "இதப் பத்தி யார்கிட்டயும் பேசாதீங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். நானும் பேசவில்லை. பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து இனிஷியலைப் பிரித்துவிடுவது என்று மட்டும் முடிவு செய்தேன்.

அதற்கு முன்பே, இறப்புச் சான்றிதழுக்கான காகிதம் கேட்டு அந்தப் பெண்ணின் அம்மா வந்துவிட்டார். நான் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் டெர்மினலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மகளின் பெயரை அவர் எப்போதும் சொல்லும் விதத்தில்தான் சொன்னார், அப்பாவின் இனிஷியலோடு. கவுன்ட்டர் பெண் அடித்தாள். உடனே வந்தது. "பென்சிலின் கூடாதுன்னு போட்டிருக்கே…" என்று வாய்விட்டுப் படித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"ஆமாம்மா, கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, கவலப்படாதன்னு அப்பவே சொன்னாங்க" என்றார் அந்த அம்மா. "இப்ப டக்குனு வந்துச்சே, அன்னிக்கு இன்னாத்துக்கு வரல?"

கவுன்ட்டர் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்குக் கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோம்மா" என்றேன்.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. "வுடும்மா, மிஷின்தானே, அது இன்னா பண்ணும்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, காகிதத்துக்காகக் கையை நீட்டினார்.