சம்பந்தியின் மவுத்பீஸில் என் பங்கு

சங்கராபுரம் சாலையில் இருக்கும் லேத் பட்டறை நான் கட்டியது. முதல் இரண்டு மழைக்காலம் கூரை கிடையாது; ஒரு கையில் குடை, மறு கையில் கடைசல். மணலூர்பேட்டையில் ஆற்றோரம் மண்ணில் புதைந்துபோன மோட்டாரை எல்லோரும் எடைக்குப் போடச் சொன்னார்கள். நான் ஓடவைத்தேன். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிரெய்லர்கள் எத்தனையோ என் கையால் வெல்டிங் வைத்தவை. ஒன்றுகூட நடுரோட்டில் பிளந்ததில்லை. ஒன்று பிளந்தது. அது டிரைவர் தப்பு. செத்துப்போன மூன்று ஜீப்புகளை வைத்து ஒரு ஜீப் செய்தேன். இன்றும் கல்வராயன் மலையை இரண்டாவது கியரில் ஏறுகிறது. படிப்பு ஐந்தாவது. அதிலும் பாதி நாள் வாத்தியார் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினேன்.

இந்த வரிசையில் கடைசியாக ஒன்று உண்டு. புதுச்சேரி மேடையில் என் சம்பந்தி கிளாரினெட்டில் எழுப்பிய சத்தம். அதுவும் என் வேலைதான். மற்றதையெல்லாம் ஊர் ஒப்புக்கொள்கிறது, இதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது.

சம்பந்தி என்றால் என் மகளின் மாமனார். நாற்பது வருடமாக பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். கல்யாண ஊர்வலம், சாவு ஊர்வலம், எதுவானாலும் நடந்துகொண்டே வாசிப்பார். உட்கார்ந்து வாசித்ததே கிடையாது. ஒரு கல்யாணத்தில் அவரைக் கேட்ட புதுச்சேரி இசைக் குழு ஒன்று ஞாயிற்றுக்கிழமை கச்சேரிக்குக் கூப்பிட்டது. முதல் பாதி கீர்த்தனை, இரண்டாம் பாதி ஜாஸ். மேடை, நாற்காலி, நோட்டீஸில் பேர். அவர் சந்தோஷத்தை வெளியே காட்டவில்லை. ஆனால் புது வேட்டி எடுத்துவிட்டார்.

ஜாஸ் என்றால் என்ன என்று கேட்டேன்.

"எழுதி வச்சத ஊதறதில்ல சம்பந்தி. அந்த நேரத்துக்கு இன்னா தோணுதோ அத்த ஊதறது."

"அப்ப இத்தினி நாளா கல்யாண வூட்ல இன்னா ஊதிக்கினு இருந்தீங்க?"

அவர் கிளாரினெட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

கஷ்டம் மவுத்பீஸில் வந்தது. கிளாரினெட்டில் வாய் வைக்கும் கறுப்பு முனைதான் மவுத்பீஸ். அதன் மேல் நாணலைச் சீவிய மெல்லிய தகடு ஒன்றைக் கட்டுவார்கள், அது ரீடு. இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. அதில்தான் காற்று போய் சத்தமாகிறது. சம்பந்தியின் பழைய மவுத்பீஸ் கீர்த்தனைக்கு அடங்கி நடந்தது, ஜாஸுக்கு வாயே திறக்கவில்லை. புதுச்சேரிக்காரர்கள் ஒரு பெட்டியில் ஏழு மவுத்பீஸ் அனுப்பினார்கள். ஒன்றை வைத்துக்கொண்டு, மீதி ஆறை வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போட்டுவிட வேண்டும்.

சம்பந்தி ஊத ஆரம்பித்தார். திங்கட்கிழமை ஒன்று பிடித்தது. செவ்வாய்க்கிழமை அது பிடிக்கவில்லை. புதன்கிழமை உதடு வீங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில், முகூர்த்தம் இல்லாத நாளில், மத்தியான வேளையில், ஒரு வீட்டிலிருந்து விடாமல் கிளாரினெட் கேட்டால் அர்த்தம் ஒன்றுதான், சாவு. புதன்கிழமை தூரத்து உறவுக்காரர் ஒருவர் ரோஜா மாலையோடு மொபட்டில் வந்து இறங்கினார். நான் சம்பந்தி வீட்டு வாசலில் நின்றிருந்தேன்.

"யாருங்க பூட்டது?" என்றார், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே.

சம்பந்தியம்மா உள்ளேயிருந்து வந்தார். "இன்னும் யாரும் பூடல. இவரு இப்டியே ஊதிக்கினு இருந்தார்னா நான் பூடுவேன். உக்காருங்க, காப்பி தர்றேன்."

மாலையைக் கொடுப்பதா, திருப்பி எடுத்துப்போவதா என்று தெரியாமல், கையில் பிடித்தபடியே காப்பி குடித்துவிட்டுப் போனார் அந்த மனிதர்.

அப்போதுதான் நான் இதில் தலையிட்டேன். பட்டறையிலிருந்து பில்லர் கேஜை எடுத்துவந்தேன். எஞ்சின் வால்வு இடைவெளி பார்ப்பதற்கு விசிறி போல விரியும் தகடுகள். மயிரிழையை அளக்க உலகத்தில் அதைவிட வேறென்ன வேண்டும்?

"டீசல் கையால தொடாதீங்க சம்பந்தி! வாயில வைக்கற சாமான்!"

"டீசல் இல்ல. கிரீஸு."

கையைக் கழுவிவிட்டு ஏழையும் அளந்தேன். இடைவெளி கம்மியானது ஒன்றாம் நம்பர், ஜாஸ்தியானது ஏழாம் நம்பர் என்று பெயிண்டில் புள்ளி வைத்தேன். சம்பந்தி "சாது" என்று சொன்னதெல்லாம் ஒன்று, இரண்டு. "திமிறுது" என்று சொன்னதெல்லாம் ஆறு, ஏழு.

"நீங்க மூணு நாளா உதடு வீங்க ஊதிக் கண்டுபுடிச்சத நான் மூணு நிமிசத்துல சொல்லிட்டேன் பாருங்க," என்றேன். அவர் உதட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

ஊருக்குள் ஊதினால் இன்னும் நாலு மாலை வரும் என்று வியாழக்கிழமை காலை அவரை ஜீப்பில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோனேன். பாதி மலையில் ஒரு வளைவில் ரேடியேட்டர் கொதித்தது. நிறுத்தினேன். அங்கே புளியமரத்தடியில் ஒரு அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புளி தட்டிக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு யோசனை வந்தது. எந்த மவுத்பீஸ் என்று பார்க்காதவர்தான் சரியாகச் சொல்லுவார்.

"அம்மா, ஒரு ஒத்தாச. இவரு ஊதறத திரும்பாம கேட்டுச் சொல்லணும்."

"திரும்பறதுக்கு எனக்கு நேரம் ஏதுங்க? ஊதுங்க."

ஜீப் பானெட்டில் துண்டு விரித்து ஏழையும் அடுக்கினேன். பக்கத்தில் இரண்டு டப்பா ரீடு. ஒன்று சம்பந்தியின் கெட்டி ரீடு. மற்றது புதுச்சேரிக்காரர்கள் சேர்த்து அனுப்பிய மெல்லிசு ரீடு. அதை அவர் தொடவே இல்லை. "கத்துக்குட்டிங்க வைக்கறது அது. நாப்பது வருசமா நமக்குக் கெட்டிதான்."

ஒவ்வொன்றிலும் முதலில் கீர்த்தனை, பிறகு ஜாஸ். இது நான் போட்ட சட்டம்.

ஒன்றாம் நம்பர். "நல்லாத்தான் இருக்குது. தூக்கம் வருது," என்றார் அந்த அம்மா. சம்பந்தி ஜாஸ் வாசித்தார். "இன்னும் தூக்கம் வருது."

ஏழாம் நம்பர். "யாருங்க அது, மாட்ட அடிக்கறது?"

இரண்டு, மூன்று, ஆறும் தேறவில்லை. நாலாம் நம்பர் மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. நடு அளவு இரண்டுக்கும் பொருந்தும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்த அம்மா ரொம்ப நேரம் புளி தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "ஊதி முடிச்சிட்டாரா?" என்றார்.

சம்பந்திக்கு மூச்சு வாங்கியது. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"வரலன்னு போன் பண்ணிடறேன் சம்பந்தி. நமக்கு ரோடுதான். நாற்காலியெல்லாம் ஒத்து வராது."

நாற்பது வருடத்தில் யாரும் அவரை உட்கார் என்று சொன்னதில்லை. இப்போது சொன்னவர்களிடம் அவரே வரவில்லை என்கிறார். "அஞ்சாம் நம்பர் பாக்கி இருக்குது. ஊதிட்டு அப்புறம் போன் போடுங்க," என்றேன். அவர் கல்லைவிட்டு எழுந்திருக்காததால் ரீடை நானே எடுத்து அஞ்சாம் நம்பரில் மாட்டிக் கொடுத்தேன்.

கீர்த்தனை ஆரம்பித்தது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு, எண்ணெய் விட்ட பேரிங் போல வழுக்கிக்கொண்டு போனது. அவரே ஆச்சரியப்பட்டு என்னைப் பார்த்தார். ஜாஸுக்கு மாறினார். சத்தம் வளைந்தது, சிரித்தது, திடீரென்று அழுதது. புளி தட்டுவது நின்றுவிட்டது. அந்த அம்மா திரும்பியே பார்த்துவிட்டார்.

"இதாருங்க, வேற ஆளு வந்திருக்காரா?"

சம்பந்தி மவுத்பீஸைக் கழற்றிப் பார்த்தார். மெல்லிசு ரீடு.

"இத்த யாரு மாட்டனது?"

"நான்தான்."

"நான் கெட்டிதான வைக்கச் சொன்னேன்?"

"சொன்னீங்க."

"அப்ப தப்பா எடுத்துட்டீங்க."

இந்த ஒரு வார்த்தையில்தான் வழக்கே இருக்கிறது. இடைவெளி கம்மி என்றால் கெட்டி ரீடு, ஜாஸ்தி என்றால் மெல்லிசு ரீடு. ஏழுக்கும் ஒரே கெட்டி ரீடை வைத்து ஊதினால், ஏழு எஞ்சினுக்கும் ஒரே வால்வு ஸ்பிரிங் போட்ட மாதிரிதான். மூன்று நாளாக அவர் செய்தது அதுதான். அதை உடைத்தது என் கை. இரண்டு டப்பாவும் பார்க்க ஒன்றுபோல இருந்தன என்பது உண்மை. என் மூக்குக்கண்ணாடி பட்டறையில் இருந்தது என்பதும் உண்மை.

மீதி ஆறு வெள்ளிக்கிழமை பஸ் ஏறின. ஞாயிற்றுக்கிழமை நான் மூன்றாவது வரிசையில் புதுச் சட்டையோடு உட்கார்ந்தேன். முதல் பாதியை சம்பந்தி நாற்காலியில் உட்கார்ந்து முடித்தார். ஜாஸ் சூடு பிடித்ததும் பழக்க தோஷத்தில் எழுந்து, ஊர்வலம் போகிற மாதிரி மேடையை ஒரு சுற்று நடந்துவிட்டார். கைதட்டல் ஓயவில்லை.

பிறகு மைக்கைப் பிடித்தார். சாமிக்கு நன்றி, செத்துப்போன அப்பாவுக்கு நன்றி, டிரம்ஸ்காரருக்கு, மைக் செட்டுக்கு நன்றி. "அப்புறம், இத்த எடுத்து வச்சவங்க ஒருத்தர் இருக்காங்க," என்றார். நான் பாதி எழுந்துவிட்டேன். "மலையில புளி தட்டிக்கினு இருந்த அந்த அம்மாவுக்கும் நன்றி."

பாதி எழுந்தவன் உட்காருவதற்குள் பின்வரிசைக்காரர் "மறைக்காதீங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது ஜீப்பில், என்னை ஏன் சொல்லவில்லை என்று கேட்டே விட்டேன். "தப்பா எடுத்துக் குடுத்ததுக்கு இன்னான்னுங்க நன்றி சொல்றது?" என்றார்.

தப்பாகவே இருக்கட்டும். அளந்தது யார்? ஏற்றிக்கொண்டு போனது யார்? கொதித்த ரேடியேட்டர் யாருடையது? அவர் போன் போடப் போனபோது அஞ்சாம் நம்பரை எடுத்து நீட்டியது யார்? பெண் கொடுத்த இடத்தில் வாய்விட்டுச் சண்டை போட முடியாது. அதனால்தான் ஊருக்கு எழுதிக் கேட்கிறேன்.

அடுத்த கச்சேரிக்கு நோட்டீஸ் அச்சாகப் போகிறதாம். அதில் இந்த வரி வர வேண்டும்: "மவுத்பீஸ் அளவெடுப்பு, ரீடு தேர்வு: சம்பந்தி, லேத் பட்டறை, சங்கராபுரம் சாலை." எழுத்து சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் மைக் செட்டுக்குக் கீழே போடக் கூடாது.