முத்துமாரி அக்கா பிடித்துப் பார்த்த தோள்கள்

செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. கடல்பாசி எடுக்கும் பெண்களின் குழுவில், மூன்று கைகூப்பும் பொம்மைகளோடு: "பிசியோ அக்கா இறந்துட்டாங்க." அம்மா கரையில் பாசியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். படித்துக் காட்டினேன். "எந்த அக்கா?" என்றாள், தெரிந்துகொண்டே. பிறகு குனிந்து பாசியை உதறினாள்.

முத்துமாரி அக்காவிடம் கையைக் காட்டியவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடலாடிப் பக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து, ஓர் அரசு ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்தவர். ஒப்பந்த ஊழியர். "டாக்டரம்மா" என்று கூப்பிட்டால் கோபம் வரும். "டாக்டரு அங்கன ஏசியில இருக்காரு. நான் பிசியோ" என்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவுக்கு வலது தோளில் வலி வந்தது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. சில மாதங்களில் வலி கொஞ்சம் மட்டுப்பட்டு, கை இறுகியது. கடலுக்குள் இறங்கும்போது புடவைக்கு மேல் போடும் சட்டையில் கையை நுழைக்க முடியவில்லை. கொண்டை போட முடியவில்லை. நான் போட்டுவிட்டேன்.

எங்கள் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உடம்பு முடியாதவளின் சாக்கில், வத்தை என்கிற சிறு படகில் கூட வரும் மற்றவர்கள் ஆளுக்கொரு பிடி பாசி போடுவார்கள். அம்மாவின் சாக்கில் ஏழு பேரும் ஐந்து மாதம் போட்டார்கள். யார் கேட்டாலும் "வாயுப் பிடிப்பு" என்றார்கள். ஆஸ்பத்திரி என்று ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கை போய்விட்டது என்று தெரிந்தால் படகுக்காரர் வேறு ஆளை ஏற்றிவிடுவார். அம்மா பயந்தது வலிக்கு அல்ல, வத்தையில் அந்த இடம் போய்விடும் என்பதற்கு. இடையில் எண்ணெய் போட்டுத் தடவுகிறவர் ஒருவர் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். அதன் பிறகு கை முன்பு எழும்பிய அளவுக்குக்கூட எழும்பவில்லை.

கடைசியில் அக்காவிடம் போனோம். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். வரவில்லை. அவரே மெல்லத் திருப்பிப் பார்த்தார். அப்போதும் வரவில்லை.

"நீ திருப்புனாலும் வரல, நான் திருப்புனாலும் வரல. மூட்டச் சுத்தியிருக்க சவ்வு இறுகிப்போச்சுத்தா. ஃப்ரோசன் ஷோல்டர்னு எழுதுவாங்க. சுகர் பாத்தியா?"

பார்த்ததில்லை. அன்று பார்த்தபோது இருந்தது.

"சுகர்காரங்களுக்கு இது நெறைய வரும். எந்தப் பய இழுத்தான்? இதென்ன நங்கூரக் கயிறா, இழுத்தா வாரதுக்கு?"

"எப்பம்மா சரியாவும்?" என்றாள் அம்மா.

"ஒன்றர வருசமும் ஆவும், ரெண்டு வருசமும் ஆவும். பொய் சொல்ல மாட்டேன். கொண்ட யாரு போட்டுவிடுறா?"

"நாந்தான்க்கா," என்றேன்.

"நல்லது செய்றன்னு நீதான்டி கைய முடக்குற. சீப்ப அவ கையில குடு. எட்டுற மட்டும் எட்டட்டும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு விடுமுறை நாள், கரைக்கே வந்துவிட்டார். எட்டுப் பேரையும் நிறுத்தினார். "ஒரு பிடி போடுங்க, வேணாங்கல. ஆனா இவள ஒளிச்சு வச்சுட்டீங்களே! எல்லாரும் கையத் தூக்குங்க, பாப்போம்."

இரண்டு கைகள் பாதியில் நின்றன. ஒன்று அம்மாவுடையது. இன்னொன்று செசிலி சித்தியுடையது. ஐந்து மாதமாக அம்மாவின் சாக்கில் பிடி போட்டுவந்தவர்களில் அவரும் ஒருவர்.

"சும்மா வணக்கம் வச்சேன்டி," என்றார் சித்தி. ஒருத்தியும் சிரிக்கவில்லை.

அக்கா படகுக்காரரைக் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் வருவாங்க. தண்ணியில எறங்க மாட்டாங்க, பாசி பிரிப்பாங்க. எடம் அவங்களுதுதான். சரின்னு சொல்லு." அவர் சரி என்றார்.

ஒத்தடம், குனிந்து கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது, சுவரில் விரலால் ஏறுவது, சுகருக்கு மாத்திரை. வலி முழுதாக அடங்கவில்லை. அதற்குத் தோளில் போட வேண்டிய ஊசியை அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார் டாக்டர். அக்கா அவர் அறை வாசலில் நின்றார். "இருந்தா இன்னைக்கே போடுங்க சார். இல்லன்னா இல்லன்னு எழுதிக் குடுங்க." நோயாளிகள் எல்லோரும் பார்த்தார்கள். ஊசி கிடைத்தது. அக்காவிடம் போன பதினாறாவது மாதம் அம்மா மறுபடி கடலில் முக்குளித்தாள். கை இன்னமும் முதுகுப் பக்கம் முழுதாகப் போகாது. ஆனால் அந்த இடம் அவளுடையதாகவே இருக்கிறது.

அக்காவுக்குப் பத்து நாளாக நெஞ்சு கனமாக இருந்திருக்கிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் என்று லீவு கேட்கவில்லை. வேலைக்கு வரும் பஸ்ஸில் சரிந்துவிட்டார். வயது நாற்பத்தாறு.

இரங்கல் கூட்டத்தில் அதிகாரி ஒருவர், "பொறுமையின் வடிவம்" என்றார். பொய். பொறுமை என்று சொல்லிவிட்டால் அக்கா கேட்டதற்கெல்லாம் இனி பதில் சொல்ல வேண்டியதில்லை.

அக்காவின் அறை பூட்டிக் கிடக்கிறது. அந்த வேலைக்கு இப்போது ஆள் போடப்போவதில்லையாம். செசிலி சித்திக்கும் சுகர்; அது அடங்கவில்லை. கை இன்னமும் பாதிதான் எழும்புகிறது.

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது, வாசலில் நின்று "எழுதிக் குடுங்க" என்று கேட்ட அந்தப் பிடிவாதத்தை. எனக்கு அது இயல்பாக வராது. மனு எழுதி எழுதிச் சலித்துப்போனவள் நான். என்றாலும் திங்கட்கிழமை, அந்த அறைக்கு ஆள் கேட்டு மனுவோடு கலெக்டர் ஆபீசுக்குப் போகிறேன். அது பாசிக்குப் போகும் நாள் என்பதால் தனியாகவே கிளம்புவதாக அம்மாவிடம் சொன்னேன்.

"எட்டுப் பேரும் வாரோம்," என்றாள். "செசிலிய முன்னாடி நிப்பாட்டு. கையத் தூக்கிக் காட்டட்டும்."